குதிரைக்குக் கால் முக்கியமில்லை

தலைப்பைப் பார்த்துட்டு யாரும் அடிக்க வராதீங்க மக்களே. குதிரைக்குக் கால் எவ்வளவு முக்கியம்னு எனக்கும் தெரியும். நான் சொல்ல வர்றது காகிதத்துல இருக்கிற குதிரையைப் பத்தி. அதிலும் குறிப்பா, டிரெஸ்ஸாஜ் பழகின குதிரையை வரையறதைப் பத்தி. ரெண்டு வருஷமா இந்த ஒரே விஷயத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். "வீட்டுல மூணாவது ஆளா ஒரு குதிரை இருக்கு, அதுக்கும் சேர்த்து உலை வைக்கட்டுமா?"ன்னு தங்கமணி கேக்குற அளவுக்குப் போயிடுச்சு. அதனால மனசுல இருக்கிறதைக் கொட்டிடலாம்னு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பியோட உக்காருங்க.

முதல்ல ஒரு வாக்குமூலம். நான் ஓவியன் கிடையாது. வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ்ல ஆணி பிடுங்கிட்டு, ஞாயித்துக்கிழமை மட்டும் வாட்டர்கலர் டப்பாவைத் திறக்கிற ஆள். குதிரை ஏறத் தெரியாது. சின்ன வயசுல பார்த்த குதிரைன்னா ஊர் எல்லையில ஐயனார் கோயில் மண்குதிரை. அப்புறம் ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்கள்ல முன்னங்காலைத் தூக்கிட்டு நிக்கிற கல்குதிரைகள். உயிருள்ள குதிரைன்னா மெரீனாவுல சவாரிக்கு நிக்கிற பாவப்பட்ட ஜீவன். அவ்வளவுதான் என் குதிரை ஞானம்.

நிற்க. டிரெஸ்ஸாஜ்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சின்னதா ஒரு அறிமுகம். (தெரிஞ்சவங்க ரெண்டு பாரா தாவிடுங்க.) டிரெஸ்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. பிரெஞ்சு வார்த்தை, பழக்குறதுன்னு அர்த்தம். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்துல ஒரு மைதானம். சுத்திலும் எழுத்துப் பலகைகள். ஓட்டப்பந்தயமும் இல்லை, தடை தாண்டுறதும் இல்லை. குதிரை தன் நடைகளை எவ்வளவு ஒழுங்கா, எவ்வளவு லேசா, எவ்வளவு சந்தோஷமா மாத்தி மாத்திக் காட்டுதுன்னு பார்த்து நடுவர்கள் மார்க் போடுவாங்க. 1912 ஸ்டாக்ஹோம்ல இருந்து ஒலிம்பிக்ல இருக்கு. 2023-ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில நம்ம நாட்டு அணி இதுல குழுத் தங்கம் வாங்கினது ஞாபகம் இருக்கலாம். குதிரையேற்றத்துல இந்தியாவுக்கு 41 வருஷத்துக்கு அப்புறம் கிடைச்ச தங்கம் அது.

குதிரையோட நடைகளுக்குத் தாளம் உண்டு. சாதாரண நடை நாலு அடித் தாளம். டிராட் ரெண்டு, குறுக்கால இருக்கிற முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து விழும். கேன்டர் மூணு. இதுல டிராட்டை எடுத்து, வேகத்தைக் குறைச்சு, உயரத்தைக் கூட்டி, ஒவ்வொரு அடிக்கும் நடுவுல குதிரை காத்துல ஒரு கணம் தொங்குற மாதிரி செஞ்சா அதுக்கு 'பஸாஜ்'னு பேர். அதையே முன்னால போகாம நின்ன இடத்துலயே செஞ்சா 'பியாஃப்'. உச்சகட்டப் போட்டியில 12-லிருந்து 15 அடி வரைக்கும் பியாஃப் காட்டணும். அரை டன் எடையுள்ள மிருகம், நின்ன இடத்துல, சத்தமில்லாம ஆடுது. முதல் தடவை பார்த்தப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

ஓவியம் வரையறவனுக்கு இங்கேதான் சனி பிடிக்குது. ஓடுற குதிரையை வரையணும்னா கைவசம் ஆயிரம் வித்தை இருக்கு. பிடரியைப் பறக்க விடலாம். வாலை நீட்டலாம். காலடியில புழுதி கிளப்பலாம். பின்னணியை ஈரத்தோட இழுத்துவிட்டா வேகம் வந்துடும். டிரெஸ்ஸாஜ்ல இது ஒண்ணுமே கிடையாது. பிடரியைப் பின்னி முடிச்சுப் போட்டிருப்பாங்க. புழுதி இல்லை. மேல இருக்கிறவர் கோட்டும் தொப்பியும் போட்டுக்கிட்டு, ஒண்ணுமே செய்யாத மாதிரி உக்காந்திருப்பார். வேகம் இல்லாத அசைவு. இதை எப்படி வரையறது?

நான் எப்படி வரைஞ்சேன்னு சொல்றேன், சிரிக்காதீங்க.

2023 கடைசியில ஆபீஸ் வேலையா ஆறு மாசம் வியன்னாவுல இருந்தேன். குளிர்காலம், நாலரை மணிக்கெல்லாம் இருட்டிடும். ரூம்ல தனியா உக்காந்து என்ன பண்றதுன்னு, ஒரு விளையாட்டுப் பத்திரிகையில வந்த போட்டோவைப் பார்த்து வரைய ஆரம்பிச்சேன். கறுப்புக் குதிரை. பஸாஜ். முன்னங்கால் அழகா மடங்கி மேல வந்திருக்கு. கழுத்து வில்லு மாதிரி வளைஞ்சு தாடை நெஞ்சைத் தொடுது. வால் ஒரு பக்கமா வீசியிருக்கு. வாய் லேசாத் திறந்து, ஓரத்துல நுரை. இதான்டா படம்னு முடிவு பண்ணி, கட்டம் போட்டு, கட்டம் கட்டமா நாலு வாரம் வரைஞ்சேன். குளம்போட லாடத்துல ஆணி கூட விடலை. (ஆபீஸ் ஆணியைச் சொல்லலை.)

போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். கோயமுத்தூர்ல கிளினிக் வச்சிருக்கிற பழைய நண்பர் ஒருத்தர், "வெயிட்டிங் ஹாலுக்கு இது வேணும்டா, சும்மா வேண்டாம்"னு சொல்லி பத்தாயிரம் ரூபாய் அட்வான்ஸ் அனுப்பிட்டார். என் வாழ்க்கையில படத்துக்குன்னு வந்த முதல் காசு அது. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை.

மறுவாரம் அந்தப் படத்தை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனேன். கூட வேலை பார்த்த ஆஸ்திரியா நாட்டம்மா ஒருத்தங்க, வார இறுதியில தவறாம குதிரை ஏறுறவங்க. அவங்ககிட்ட காட்டிப் பாராட்டு வாங்கணும்னு ஒரு அல்ப ஆசை. ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் ரெண்டே ரெண்டு விஷயம் சொன்னாங்க.

"காலெல்லாம் ரொம்பச் சரியா இருக்கு. ஆனா இந்தக் குதிரை எங்கேயும் போகலையே?"

அப்புறம், "இதோட வாயைக் கவனிச்சீங்களா?"

அவ்வளவுதான். காப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்கு முகத்துல ஈயாடலை. ஆனா இந்த ரெண்டு கேள்வியும்தான் இந்தப் பதிவு. ஒண்ணொண்ணா வர்றேன்.

முதல் கேள்விக்கு விடை தேடி, அவங்க சொன்னபடி ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலுக்குப் போனேன். பேர்தான் ஸ்பானிஷ், இருக்கிறது வியன்னா அரண்மனை வளாகத்துல. லிப்பிஸ்ஸானர்னு வெள்ளைக் குதிரைகள். (பிறக்கும்போது கறுப்பாவோ பழுப்பாவோதான் இருக்கும், வளர வளரத்தான் வெளுக்கும்.) 1729-லிருந்து 1735-க்குள்ள கட்டின மண்டபம். வெள்ளைச் சுவர், சரவிளக்கு, மேல மாடம், கீழ மணல். உள்ளே வர்ற ஒவ்வொரு வீரரும் ஆறாம் சார்லஸ் மன்னரோட படத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழட்டி வணக்கம் வைக்கிறாங்க. இங்கே நடக்கிற குதிரைப் பயிற்சி மரபை 2015-ல யுனெஸ்கோ தன்னோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்திருக்கு. காலையில நடக்கிற பயிற்சியை டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

ஆனா போட்டோ எடுக்கக் கூடாது. கண்டிப்பா கூடாது. போனை எடுத்த ஒருத்தர்கிட்ட பணியாளர் வந்து சொல்லிட்டுப் போனார். எனக்கு எரிச்சல். இவ்வளவு தூரம் வந்து, குறிப்புக்கு ஒரு படம் கூட இல்லாம எப்படி வரையறது? வேற வழியில்லாம நோட்டும் பென்சிலும் எடுத்தேன்.

முதல் அரை மணி நேரம் காலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். நோட்டுல விழுந்தது எல்லாம் மழையில அழிஞ்ச கோலம் மாதிரி கோடுகள். எந்தக் கால் எப்ப மேல வருதுன்னு மனசு கணக்குப் போடறதுக்குள்ள அது கீழ போயிடுது. வெறுத்துப் போய்ப் பென்சிலை மூடி வச்சுட்டு சும்மா பார்த்தேன். ஒரு குதிரை பியாஃப் பழகிக்கிட்டு இருந்தது. திரும்பத் திரும்ப, அஞ்சாறு அடி, நிறுத்தம், தட்டிக் கொடுத்தல், மறுபடி அஞ்சாறு அடி.

அப்பத்தான் கண்ணுல பட்டது. பியாஃப் ஆரம்பிக்கிறதுக்கு ஒரு கணம் முன்னால குதிரையோட பின்பக்கம் இறங்குது. புட்டம் கீழ வருது, பின்னங்கால்கள் வயித்துக்கு அடியில நுழையுது, மூட்டுகள் மடங்குது. அதே நேரத்துல முன்பக்கம் லேசாகி மேல எழும்புது. அதுக்கு அப்புறம்தான் கால்.

நம்ம ஊர்ல பார்க்காத விஷயமா இது? பரதநாட்டியத்துல அரைமண்டி. முழங்காலை மடிச்சு இடுப்பைக் கீழ இறக்கினாத்தான் பாதத்துக்கு விடுதலை. அரைமண்டி சரியில்லாம காலை மட்டும் தட்டினா எந்த வாத்தியாராவது ஒத்துக்குவாங்களா? நெல்லு மூட்டை தூக்குறவரைப் பாருங்க. மூட்டையைத் தொடுறதுக்கு முன்னால உக்காருவார். தூக்குறதோட ரகசியமே அந்த உக்கார்றதுலதான் இருக்கு.

பிறகு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். சும்மா நிக்கிற குதிரை தன் எடையில ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்லதான் தாங்குது. முதுகுல ஆள் ஏறினா முன்பாரம் இன்னும் கூடும். வருஷக்கணக்கான டிரெஸ்ஸாஜ் பயிற்சி மொத்தமும் இந்த எடையைக் கொஞ்சம் கொஞ்சமா பின்பக்கத்துக்கு மாத்துறதுக்காகத்தான். கால் தூக்குறது அதோட விளைவு மட்டும். நான் நாலு வாரம் உக்காந்து விளைவை வரைஞ்சிருக்கேன், காரணத்தை விட்டுட்டேன். என் கறுப்புக் குதிரையோட புட்டம் நேரா, மேஜை மாதிரி இருந்தது. அது எங்கேயும் போகாதது ஆச்சரியமில்லை.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். டிரெஸ்ஸாஜ் குதிரையை வரையறவங்க காலை வரையக் கூடாது, எடையை வரையணும். எடை எங்கேயிருந்து எங்கே போகுதுங்கிறது தெரிஞ்சா, கால் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் குதிரை ஆடும். அது தெரியலைன்னா, லாடத்து ஆணி வரைக்கும் சரியா இருந்தாலும் அது பொம்மைக் குதிரைதான்.

இந்தச் சண்டை புதுசு இல்லை. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-ல எப்சம் டெர்பி குதிரைப் பந்தயத்தை வரைஞ்சார். படம் இப்ப லூவர்ல இருக்கு. அதுல எல்லாக் குதிரையும் முன்னங்காலை முன்னாலயும் பின்னங்காலைப் பின்னாலயும் நீட்டிக்கிட்டு, தரையைத் தொடாமப் பறக்கும். அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் வரைஞ்சாங்க. 1878 ஜூன்ல கலிபோர்னியாவுல, பாலோ ஆல்ட்டோ பண்ணையில, லெலண்ட் ஸ்டான்ஃபோர்டோட குதிரையை மைபிரிட்ஜ்ங்கிற போட்டோகிராபர் வரிசையா 12 கேமரா வச்சு எடுத்தார். ஓடுற குதிரையோட நாலு காலும் தரையை விட்டு எழும்புறது உண்மைதான், ஆனா கால்கள் விரிஞ்சு நீண்டிருக்கும்போது இல்லை, வயித்துக்கு அடியில குவிஞ்சிருக்கும்போதுன்னு தெரிஞ்சது. அதுவரைக்கும் வரைஞ்ச அத்தனை பந்தயப் படமும் ஒரே நாள்ல பொய்யாப் போச்சு.

பாவம் மெஸ்ஸோனியேன்னு ஒரு ஓவியர். குதிரை அசைவைப் பார்க்கிறதுக்காகவே தன்னோட தோட்டத்துல தண்டவாளம் போட்டு, வண்டியில உக்காந்து, ஓடுற குதிரை பக்கத்துலயே போய்க்கிட்டுப் பார்த்து வரைஞ்ச மனுஷன். மைபிரிட்ஜோட படங்கள் அவரையும் விட்டு வைக்கலை. ஆனா அவர் மூஞ்சியைத் திருப்பிக்கலை. 1881-ல அதே மைபிரிட்ஜைப் பாரிஸ்ல தன் வீட்டுக்கு வரவழைச்சு, கலைஞர்களைக் கூட்டி வச்சுக் காட்டச் சொன்னார். தெகா அந்தப் படங்களைப் பார்த்துக் குதிரைகளை வரைஞ்சு பழகினார். பெரிய மனசு.

இன்னொரு பக்கம் சிற்பி ரோடான். ஜெரிக்கோதான் சரி, போட்டோதான் பொய் சொல்லுதுன்னு வாதாடினார். ஏன்னா நிஜத்துல காலம் நிக்கிறதில்லை. ஜெரிக்கோவோட குதிரையில பின்னங்கால் உதைக்கிறது ஒரு நொடி, முன்னங்கால் நீள்றது வேற நொடி. ரெண்டையும் ஒரே உடம்புல வச்சதனாலதான் பார்க்கிறவனுக்கு ஓட்டம் தெரியுதுங்கிறது அவர் கட்சி.

நான் யார் பக்கம்? ரோடான் பக்கம்தான், ஆனா பாதி. பந்தயக் குதிரைக்கு அவர் சொன்னது பொருந்தும். டிரெஸ்ஸாஜுக்கு முழுசாப் பொருந்தாது. இங்கே கால் இருக்கிற இடத்துக்குக் கணக்கு உண்டு. பியாஃப்ல தூக்கின முன்னங்கால் நுனி, தரையில இருக்கிற இன்னொரு முன்னங்காலோட முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பின் நடு உயரத்துக்கு வரணும். பின்னங்கால் அதைவிடத் தாழ்வா, குளம்புக்கு மேல இருக்கிற மூட்டைச் சற்றுத் தாண்டினாப் போதும். இஷ்டத்துக்கு நீட்டினா அது டிரெஸ்ஸாஜே இல்லை. அதனால பொய் சொல்லலாம், ஆனா எங்கே சொல்லணும்னு தெரிஞ்சு சொல்லணும்.

இதுல எனக்குக் குரு வெலாஸ்கெஸ். 1635 வாக்குல அவர் வரைஞ்ச நாலாம் பிலிப் மன்னர் குதிரை மேல இருக்கிற படம், மாட்ரிட்ல பிராடோ மியூசியத்துல இருக்கு. குதிரை முன்னங்கால்களை மடக்கி எழும்பி நிக்குது. பயந்து போய் நட்டுக்க நிக்கிற குதிரைக்குப் பின்னங்கால் விறைச்சிருக்கும். இது அப்படி இல்லை. பின்னங்கால் மடங்கி, புட்டம் இறங்கி, பாரம் முழுக்க அங்கே உக்காந்திருக்கு. ரைடிங் ஸ்கூல்ல இதை 'லெவாட்'ம்பாங்க. உடம்பு தரைக்கு 30, 35 டிகிரியில சில நொடி நிக்கணும். சொல்ல வந்தது என்னன்னா, அந்தப் படத்துல பின்னங்கால்கள் பக்கத்துல அவர் மாத்தி வரைஞ்ச தடம் இன்னும் தெரியுது. அடிவண்ணம் மேல கசிஞ்சு, பழைய கால் ஒரு நிழல் மாதிரி நிக்குது. அவ்வளவு பெரிய மேதைக்கே சந்தேகம் வந்த இடம் பின்பக்கம்தான். இதைத் தெரிஞ்சுக்கிட்டப்ப எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா!

நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட சில விஷயங்கள். வரையற நண்பர்களுக்கு உதவலாம்.

முதல் கோடு முதுகுல ஆரம்பிக்கட்டும். வால் தொடங்குற இடத்துல இருந்து முதுகு வழியா கழுத்து உச்சி வரைக்கும் ஒரே கோடு. அந்தக் கோடு பின்னால இறங்கி முன்னால ஏறலைன்னா, மேல ஒண்ணும் வரையாம காகிதத்தைத் திருப்பிடுங்க.

தாளத்தை வாயால எண்ணிக்கிட்டே வரைங்க. டிராட்டுக்கு ஒண்ணு-ரெண்டு, ஒண்ணு-ரெண்டு. கை தானா அந்த வேகத்துக்கு வந்துடும். பக்கத்துல இருக்கிறவங்க ஒரு மாதிரியாப் பார்ப்பாங்க, கண்டுக்காதீங்க.

முன்னால இடம் விட்டு வரையணும்னு எல்லா டிராயிங் மாஸ்டரும் சொல்லுவாங்க. பஸாஜுக்கு விடுங்க. பியாஃபுக்கு விடாதீங்க. அது முன்னால போகப் போறதில்லை. இடத்தை மேல விடுங்க.

வெயில்ல நடக்கிற போட்டின்னா நிழலைப் பாருங்க. குளம்புக்கும் அதோட நிழலுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் குதிரை காத்துல இருக்குதுங்கிறதுக்கு சாட்சி. குளம்பை எவ்வளவு நல்லா வரைஞ்சாலும், நிழலை ஒட்ட வச்சுட்டீங்கன்னா கீழ விழுந்துடும்.

வாட்டர்கலர்ல எடை தாங்குற காலை அழுத்தமா, ஓரம் கூர்மையா வைங்க. தூக்கின காலை ஈரத்துல கரைய விடுங்க. எதுல நிக்குதோ அது தெளிவு, எது போகுதோ அது மங்கல்.

"அப்ப போட்டோ பார்த்து வரையறது பாவமா?"ன்னு கேப்பீங்க. இல்லவே இல்லை. சேணத்து வார் எங்கே போகுது, கடிவாளத்து வளையம் எப்படி மாட்டியிருக்குன்னு நானும் போட்டோ பார்த்துத்தான் வரையறேன். போட்டோ நல்ல வேலைக்காரன், மோசமான வாத்தியார். இன்னிக்கு நம்ம போனே ஒரு நொடிக்கு நூத்துக்கணக்கான படம் எடுக்கும். மைபிரிட்ஜ் பார்த்தா அழுதிருப்பார். ஆனா நூத்துல எந்த ஒண்ணை எடுக்கிறதுங்கிறதை முதல்ல கண்ணால பார்த்தவன்தான் சொல்ல முடியும். நான் பார்க்கவே இல்லை. யாரோ எடுத்து, யாரோ தேர்ந்தெடுத்து, பத்திரிகையில போட்டதைக் கட்டம் கட்டமா ஜெராக்ஸ் எடுத்தேன்.

இங்கேதான் அந்த அம்மாவோட ரெண்டாவது கேள்வி வருது. வாய்.

திரும்பி வந்து, அவங்களையே கேட்டேன். பொறுமையா சொன்னாங்க. குதிரை சரியா வேலை செய்யும்போது உச்சந்தலைதான் உயரமான இடமா இருக்கணும், மூக்கு செங்குத்துக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால இருக்கணும். விதிப்புத்தகத்துலயே அப்படித்தான். என் படத்துல தாடை நெஞ்சுல ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது கடிவாள அழுத்தம் தாங்காம இருக்கலாம். நான் ஸ்டைலுன்னு நினைச்ச வால் வீச்சு, எரிச்சலோட அடையாளமா இருக்கலாம். வில்லு மாதிரி அழகா இருக்குன்னு நான் ரசிச்ச கழுத்து, பின்னால இழுத்ததால வளைஞ்ச கழுத்து. இப்படிக் கட்டாயப்படுத்திக் கழுத்தை மடக்குறதை 'ரோல்கூர்'னு சொல்றாங்க. பலவந்தமா செய்யற இந்த முறை ஏத்துக்க முடியாததுன்னு சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2010-லயே அறிவிச்சிருக்கு.

"அந்த வீரர் கொடுமைக்காரர்னு சொல்றீங்களா?"ன்னு கேட்டேன்.

"இல்லை. ஒரு நொடியை வச்சு யாரையும் தீர்ப்பு சொல்ல முடியாது. அடுத்த நொடியே அவர் கையைத் தளர்த்தியிருக்கலாம். போட்டோவுல அது ஒரு நொடி. உங்க படத்துல அது எப்பவும்."

இந்தப் பதில் என்னை ரொம்ப நாள் தூங்க விடலை. என் படத்துல அடுத்த நொடியே கிடையாது. அந்தக் குதிரை அந்தக் கிளினிக் சுவத்துல காலாகாலத்துக்கும் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கப் போகுது. உடம்பு வலியோட வந்து உக்கார்றவங்க அதைப் பார்த்து "என்ன கம்பீரம்!"னு சொல்லப் போறாங்க. நாலு வாரம் அந்த வாயை வரைஞ்ச எனக்கே அது வலியா இருக்கலாம்னு தோணலையே!

2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்னால, ஏற்கெனவே தங்கம் வாங்கின ஒரு டிரெஸ்ஸாஜ் வீராங்கனை போட்டியில இருந்து விலகினாங்க. பயிற்சியில குதிரையோட காலைச் சவுக்கால திரும்பத் திரும்ப அடிக்கிற பழைய வீடியோ வெளியே வந்தது காரணம். ஒரு வருஷத் தடையும் வந்தது. அந்தச் செய்தி வந்த அன்னிக்கு எனக்கு என் படம்தான் ஞாபகம் வந்தது. அழகான அசைவுக்குப் பின்னால ரெண்டு வழி இருக்கு. குதிரை தானா உடம்பைச் சேர்த்துக்கிறது ஒண்ணு. சேர்க்க வைக்கிறது இன்னொண்ணு. காலை மட்டும் பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதை 2,300 வருஷத்துக்கு முன்னாலயே ஸெனஃபன்ங்கிற கிரேக்கர் குதிரையேற்றம் பத்தின தன் புத்தகத்துல சொல்லிட்டார். கட்டாயத்துல குதிரை செய்யறது அழகாகாது, நாட்டியக்காரரைச் சவுக்கால அடிச்சு ஆட வைக்கிற மாதிரிங்கிறது அவர் கருத்து. இதுக்காகப் பழைய காலமெல்லாம் பொற்காலம்னு சொல்ல வரலை. வெலாஸ்கெஸ் படத்துக் குதிரைக்கும் வாயில இரும்புதான். ஆனா அந்தக் கேள்வி அப்பவே இருந்திருக்கு. வரையறவனும் அதைக் கேக்கணும்ங்கிறேன்.

அதனால என் கட்சி இதுதான். அசைவைப் பிடிக்கிறதும் அந்த மிருகத்துக்கு நியாயமா இருக்கிறதும் தனித்தனி வேலை இல்லை. எடை எங்கே இருக்குன்னு பார்க்கப் பழகின கண்ணுக்கு, அது தானா வந்ததா தள்ளி வச்சதாங்கிறதும் தெரிய ஆரம்பிக்கும். முதுகு தளர்ந்திருக்கா, காது எப்படி இருக்கு, வால் தாளத்தோட ஆடுதா, கழுத்துக்குக் கீழ்ப்பக்கம் விறைச்சிருக்கா. இதெல்லாம் கவனிக்காம குளம்பையும் கடிவாளத்துப் பளபளப்பையும் வரைஞ்சா, நாம கலைஞன் இல்லை, விளம்பரக்காரன்.

"ஒரு படத்துக்கு இவ்வளவு அலட்டலா?"ன்னு நீங்க நினைக்கலாம். என் நண்பரும் அப்படித்தான் நினைச்சார். அட்வான்ஸைத் திருப்பி அனுப்பிட்டு, படத்தைத் தர முடியாதுன்னு சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். "குதிரை வாயை எவன்டா பார்க்கப் போறான்? ரேட் பத்தலைன்னா நேராச் சொல்லு"ன்னுட்டார். இன்னிக்கு வரைக்கும் கொஞ்சம் முறுக்கிக்கிட்டுத்தான் இருக்கார். முப்பது வருஷப் பழக்கம். அதை நினைச்சா வருத்தமா இருக்கு. ஆனா அந்தப் படத்தைக் கொடுத்திருந்தா, அவரைப் பார்க்கப் போற ஒவ்வொரு தடவையும் அந்த வாயைப் பார்க்கணுமே. படம் இப்ப பீரோவுக்குப் பின்னால சுவத்தைப் பார்த்துத் திரும்பி நிக்குது. கிழிக்க மனசு வரலை. லாடத்து ஆணிக்கே மூணு நாள் ஆச்சுங்க.

அதுக்கப்புறம் வியன்னா நோட்டுல இருந்த கிறுக்கல்களை வச்சு, ஞாபகத்துல இருந்து மட்டும், நாப்பது அம்பது தடவை வரைஞ்சிருப்பேன். எல்லாம் குப்பைக்கூடை. போன மாசம் ஒண்ணு வந்தது. வெள்ளைக் குதிரை, அதனால காகிதமே குதிரை. நிழல் மட்டும்தான் வண்ணம். மேல இருக்கிறவர் ரெண்டு தீத்தல். தூக்கின கால் ஈரத்துல கரைஞ்சு எங்கேயோ போயிடுச்சு. ஆனா புட்டம் உக்காந்திருக்கு. மூக்கு முன்னால இருக்கு, வாய் மூடியிருக்கு.

அந்த அம்மாவுக்கு அனுப்பி வச்சேன். ரெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்தது. முன்னங்கால் தப்பு, முழங்கால் மூட்டு அந்த இடத்துல மடங்காதுன்னு வட்டம் போட்டுக் காட்டியிருந்தாங்க. கீழே ஒரே வரி: "ஆனா அடுத்த அடி எங்கே விழும்னு எனக்குத் தெரியுது."

தங்கமணியைக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டினேன். "கால் தப்புன்னுதானே சொல்லியிருக்காங்க, அதுக்கு ஏன் இப்படிப் பல்லைக் காட்டுறீங்க?"ன்னாங்க.

தலைப்பை இன்னொரு தடவை படிச்சுக்கோங்க மக்களே.

டிஸ்கி 1: டிரெஸ்ஸாஜ் பழகினவங்க யாராவது இதைப் படிச்சா, நான் சொன்னதுல பிழை இருந்தா தயவுசெஞ்சு திருத்துங்க. நான் மாடத்துல உக்காந்து பார்த்தவன் மட்டும்தான்.

டிஸ்கி 2: கோயமுத்தூர் நண்பர் இதைப் படிச்சா, வெள்ளைக் குதிரை உனக்குத்தான்டா. காசு வேண்டாம். கால் மட்டும் கொஞ்சம் தப்பா இருக்கும், பொறுத்துக்கோ.